சோழகப் பக்கம் ஒரு மயிரிழை

அரைகுறையாக எரிந்த டீசலுக்கென்று ஒரு நெடி உண்டு. கண்ணைக் கரிக்கும். நாக்குக்கு அடியில் கசந்துகொண்டே கிடக்கும். போன வாரம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், பழைய வண்டி ஒன்று கிளம்ப மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. பின்னால் புகை. கறுப்புப் புகை இல்லை, வெள்ளை. தரையோடு தரையாக ஊர்ந்து, பயணிகளின் கால்களுக்கிடையே புகுந்து, டீக்கடை வரைக்கும் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் அதற்குள்ளே போய் நின்றேன்.

"என்ன சார், சளிக்கு ஆவி பிடிக்கிறீகளா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

அவருக்கு நான் என்ன சொல்ல? அந்தப் புகைக்குள் ஐஸ் ஏற்றிய ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் இடப்பக்கம் குனிந்து, கையில் ஸ்பேனரோடு, நான். எனக்கு எதிரே, முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்தபடி, செய்யதம்மா.

"அண்ணே, அவுகளுக்கு ஃபோன் போட்டீகளா?"

"இன்னும் போடலம்மா."

"போடாதீக."

ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

ஈரமான சீட்டு

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். மழையைப் பார்த்து மிளகாய் போடுகிற ஊர். எனக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் சொல்வார்கள். மதுரையில் ஓர் அச்சகத்தில் இருந்தேன், விட்டேன். பரமக்குடியில் டுடோரியலில் பாடம் எடுத்தேன், விட்டேன். உப்பளத்தில் மேற்பார்வைக்குப் போனேன், வெள்ளை வெயிலில் கண் கூசியது, அதையும் விட்டேன். கடைசியாக உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஓர் இறால் பண்ணை. அதை மூடிவிட்டார்கள். நான் விடுவதற்கு முன்னால் வேலை என்னை விட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பண்ணையை மூடிய அன்று, ஒரு பையும் ஒரு பாயுமாகச் சாலையில் நின்றபோது ஓர் ஐஸ் லாரி நின்றது. கைகொடுத்து ஏற்றிவிட்டவன் நெய்னா. புதுமடத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். வண்டி அவனுடையதுதான், ஓட்டுவதும் அவன்தான், கழற்றிப் பூட்டுவதும் அவன்தான். உட்கார்ந்த அடுத்த நொடியில் வேட்டி நனைந்துவிட்டது.

"சீட்டு ஈரமா இருக்கே தம்பி."

"ஐஸ் லாரில ஏறிட்டு ஈரம்ங்கிறீகளேண்ணே. காய்ஞ்ச சீட்டு வேணும்னா கருவாட்டு வண்டில ஏறணும்."

அன்றைக்கு நான் ராமநாதபுரத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மறுநாளும் அவனோடு போனேன். அதற்கு மறுநாளும். கம்பெனி வாசலில் வெள்ளைத் தூண்களாகச் சறுக்கி வரும் ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுக்கக் கற்றேன். மண்டபம் துறைக்குப் போகும் வழியெல்லாம் எங்களுக்குப் பின்னால் ஒரு நனைந்த கோடு வரும். வெயில் அதைப் பத்தடி தள்ளி நின்று குடித்துக்கொண்டே வரும். தலைக்கு மேல் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று காற்றை உரலில் போட்டு இடித்துக்கொண்டு போகும். நாற்பதைத் தாண்டிய வயதில் ஹெவி லைசென்ஸ் வாங்கினேன்.

ஐஸ் லாரிக்கு ஒரு சாபம் உண்டு. வருஷத்தில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகுக்கு வேலை இல்லையென்றால் ஐஸுக்கும் வேலை இல்லை. அந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவதற்குள் நெய்னாவின் வீட்டில் எல்லாருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிடும். அதனால்தான் அரபு நாட்டில் ஒரு கராஜில் மெக்கானிக் வேலைக்கு விசா வந்தபோது, செய்யதம்மா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதாள். செய்யதம்மா அவன் மனைவி.

அது இரண்டாவது விசா. முதல் விசாவில் அவன் திருச்சி விமானநிலைய வாசல் வரைக்கும் போனான். அங்கே ஒரு ஃபோன் வந்தது. லாரியின் ரேடியேட்டர் உடைந்து நடுரோட்டில் நிற்கிறது என்று. போட்டிருந்த புதுச்சட்டையோடு திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். விசா போயிற்று.

இந்தத் தடவை கிடைத்த விசாவுக்கும் நாள் முடியப்போகிற வாரம். தடைக்காலம் முடிகிற அன்றைக்கே அவன் விமானம் ஏற வேண்டும். அன்றைக்கே முதல் லோடு ஐஸும் துறைக்குப் போக வேண்டும். முதல் நாள் யார் ஐஸ் கொடுக்கிறார்களோ அவர்களிடம்தான் அந்தப் பருவம் முழுக்கப் படகுக்காரர்கள் வாங்குவார்கள்.

"வண்டிய ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறேண்ணே" என்றான்.

புதுமடத்தில் நாலு பேர் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆள் மூன்று மாதம் நிற்க மாட்டான் என்று. ஏன், செய்யதம்மாவே என் காதுபடச் சொன்னாள்: "அண்ணன் நல்லவகதான். ஆனா நம்ம வீட்டுக்குள்ள நிக்கும்போதும் பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரியே நிக்கிறாகளே."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைக்கு எப்படிக் கோபப்படுவது?

சொட்டு நிற்கிற இடம்

அவன் கிளம்புவதற்கு முதல் நாள். பம்ப் பழுதுபார்த்து வந்திருந்தது. டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சுகிற பம்ப். அதைத் திரும்பப் பூட்டி, டைமிங் வைக்க வேண்டும். அவன் வீட்டு வாசலில், மூஞ்சி ராமேஸ்வரத்தைப் பார்த்திருக்க, லாரியை நிறுத்தினான்.

"இன்னைக்கு நீங்க வைங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்குத் தெரியாதே தம்பி."

"தெரியாதுல்ல. நாளைக்கு நானும் இருக்க மாட்டேன்ல."

பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு பொறி வேண்டும். டீசலுக்குப் பொறி கிடையாது. காற்றை உள்ளே இழுத்து இறுக்குகிறது. இறுக்க இறுக்கக் காற்றே கொதிக்கிறது. கொதிக்கிற அந்தக் கணத்தில் எண்ணெய் போய் விழ வேண்டும். கொஞ்சம் முந்தி விழுந்தால் என்ஜின் உள்ளுக்குள் சம்மட்டியால் அடித்துக்கொள்ளும். கொஞ்சம் பிந்தி விழுந்தால் எரியாத எண்ணெய் வெள்ளைப் புகையாக வெளியே வந்து ஊரைக் கண்ணீர் விட வைக்கும். நம் வீட்டுச் சண்டைகளில் வாய்க்கு வருகிற சொற்களைப் போலத்தான். சொல் சரியாகவே இருக்கும். விழுந்த நேரம்தான் தப்பு.

அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கிற முறை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பம்பின் முதல் வாயில் வளைந்த ஒரு சின்னக் குழாயைப் பூட்டினான் நெய்னா. கையால் பம்ப் அடித்தான். குழாயின் நுனியிலிருந்து டீசல் நூல் பிடித்தாற்போல் இறங்கியது, தேன் நிறத்தில். என்ஜினின் முன்புறம் இருக்கும் புல்லிச் சக்கரத்தை நான் பெரிய ஸ்பேனரால் மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப நூல் மெலியும். அறுந்து சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி வளரும். சொட்டு நிற்கப்போகிற அந்த இடத்தில் புல்லியில் இருக்கிற கோடும் என்ஜினில் இருக்கிற முள்ளும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கவில்லையென்றால், பம்பைப் பிடித்திருக்கும் மூன்று நட்டையும் தளர்த்தி, பம்பையே ஒரு பக்கமாக லேசாகச் சாய்க்க வேண்டும்.

"மெல்லண்ணே. மெல்ல. பிள்ளைய எழுப்புற மாதிரி இல்ல, தூங்க வைக்கிற மாதிரி."

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள் செய்யதம்மா. "நாளைக்கு ஃப்ளைட்டு. பெட்டில சட்டைய வைக்கவா, ஸ்பேனர வைக்கவான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"நீ எதை வச்சாலும் அங்கன போய்த் தொறக்குறப்ப கருவாடுதான் இருக்கும்" என்றான் நெய்னா, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா, அங்கன ஒட்டகக் கறி திங்கப் போறாக. எறா ஊறுகா வேணாம்னா எடுத்துருதேன்."

"எடுத்துராத."

சொட்டு நின்றது. நான்கு தடவை திருப்பி, நான்கு தடவையும் கோடும் முள்ளும் விலகி நின்று, ஐந்தாவது தடவை பார்த்துக்கொண்டன. நட்டை இறுக்கினேன். அவன் சாவியைத் திருப்பினான். அரை நொடி யோசித்துவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது.  ஒரு உயிரை இறக்கி வைத்தது போல இருந்தது எனக்கு.

மச்சினன் பெயர் கொண்ட என்ஜின்

இங்கே எங்கள் அய்யாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருக்கும் ஒரு டீசல் என்ஜின் இருந்தது, மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்க. பத்து நாளில் ஏழு நாள் கிளம்பாது. அதைத் திட்டுவதற்கு வசதியாக அய்யா அதற்குத் தன் மச்சினன் பெயரை வைத்திருந்தார். என் தாய்மாமன் பெயர். ஒரு நாள், "எந்திரிடா, தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்தே கெடக்குறியே" என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு விருந்தாக வந்திருந்த மாமா கொட்டகையிலிருந்து எழுந்து ஓடி வந்து, "என்ன மச்சான், என்ன செய்யணும்?" என்று கேட்டார். அய்யா என்ஜினைக் கைகாட்டினார். மாமாவே கைப்பிடியைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே என்ஜின் கிளம்பிவிட்டது.

அதிலிருந்து அய்யா மாமாவையும் திட்டுவதில்லை, என்ஜினையும் திட்டுவதில்லை.

எங்கள் ஊரில் இடது, வலது கிடையாது. மேக்கே, கெழக்கே, தெக்கே, வடக்கேதான். கஞ்சிச் சட்டியைக்கூட "மேக்க நகட்டி வை" என்பார் அய்யா. புதுமடத்துக்கு வந்தால் அங்கே திசைகளுக்கும் காற்றின் பெயர். வடக்கே என்றால் வாடை. கிழக்கே கொண்டல். தெற்கே சோழகம். மேற்கே கச்சான். கடலில் மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் அப்படித்தான். "தலகாணியக் கொண்டல் பக்கம் போடு" என்பாள் செய்யதம்மா. வந்த புதிதில் நெய்னா ஒரு காலையில், "இன்னைக்கு வாடைண்ணே" என்றான். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே, கருவாடா?" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்கள்.

பிறகு எனக்கும் பழகிவிட்டது. அதனால்தான் அன்றைக்கு அவன் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"புதுசாப் பூட்டுன பம்பு. ரெண்டு நாள்ல படியும். காலைல வெள்ளப் புகை தள்ளிக்கிட்டு எடுக்கலைன்னா, நட்டு மூணையும் லூஸ் பண்ணி, பம்பச் சோழகப் பக்கம் ஒரு மயிரிழ தள்ளுங்க. சம்மட்டி மாதிரி அடிச்சுச்சுன்னா வாடைப் பக்கம் ஒரு மயிரிழ. அம்புட்டுத்தான். அதுக்கு மேல தொடாதீக."

சாக்பீஸ் எடுத்து, கேபினுக்குள் என்ஜின் மூடியின் மேல் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். புகை என்றால் சோழகம். அடித்தால் வாடை.

உருகுகிற லோடு

அன்று சாயங்காலமே லாரியைக் கொண்டுபோய் ஐஸ் கம்பெனியில் வரிசை போட்டேன். பின்பக்கத்தை ஐஸ் சறுக்குக்குக் கொடுத்து, மூஞ்சி வாசலைப் பார்க்க நிறுத்தினேன். முதல் வண்டி எங்களுடையது. பெருமையாக இருந்தது.

விடிந்ததும் போனேன். நெய்னா சுபுஹு தொழுதுவிட்டுக் காரில் கிளம்பியிருந்தான். ஐஸ் ஏறியது. வண்டி நிறைந்தது. தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. பின்னாலிருந்து வெள்ளைப் புகை எழுந்து, ஐஸிலிருந்து வரும் வெண்ணிற ஆவியோடு கலந்தது. எது குளிர், எது சூடு என்று தெரியவில்லை.

பயப்படவில்லை. எனக்குத்தான் தெரியுமே. நட்டைத் தளர்த்தினேன். சோழகப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினேன். இறுக்கினேன். சாவி. புகை கூடியது. இன்னொரு மயிரிழை தள்ளினேன். இப்போது இருமல்கூட இல்லை, வெறும் புகை. பேட்டரியின் குரல் தளர்ந்தது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கம்பெனி சூப்பர்வைசர் சேவியர் வந்து நின்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கண்டிப்பாக இருக்கும்போது எதிர்த்துப் பேசவும் முடியாது.

"இந்தா பாருங்க, மத்தியானம் மீன்துறையில டோக்கன் வாங்கிப் படகு கடல்ல எறங்கிரும். துறையில ஆளு ஐஸுக்கு நிக்கிறான். ஒரு அரைமணி நேரம் பாப்பேன். அப்புறம் வண்டிய இழுத்து ஓரமாப் போட்டுட்டு லோட அடுத்த வண்டிக்கு மாத்திருவேன். நெய்னாட்டக் கேட்டா என்னன்னு சொல்லிருவாம்ல, ஒரு ஃபோனப் போடுங்க."

ஃபோன் என் சட்டைப் பையில் கனத்தது. போட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். ஆனால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். பரமக்குடி தாண்டியிருப்பான். லோடோடு வண்டி நிற்கிறது என்று காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே காரைத் திருப்பச் சொல்வான். அவனை எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

நான் ஃபோனை எடுத்தேன். அவன் பெயர் வரைக்கும் போனேன்.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள் செய்யதம்மா. யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டாள், ஃபோன் போட்டீகளா என்று. போடாதீக என்றாள்.

"சேவியர் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் போட வேணாம்."

"லோடு போயிரும்மா. இந்த சீசனே போயிரும்."

"போகட்டும்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.  "போன தடவ ரேடியேட்டர்னு ஏர்போர்ட்டுக்கு ஃபோன் போட்டது யாருன்னு நெனைக்கிறீக? நாந்தான். அவுக அன்னைக்குத் திரும்பி வந்து ஒரு வார்த்த கேக்கல என்னைய. இன்னைக்கு வரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா ஆறிருக்கும்."

எனக்கு அது தெரியாது. யாரோ டிரைவர் போட்டான் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. ஃபோனைப் பைக்குள் வைத்தேன்.

லாரி திரும்பியது

"அவுக என்ன சொல்லிட்டுப் போனாக? ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க."

"ஒனக்கு என்ஜினப் பத்தி என்னம்மா தெரியும்?"

"தெரியாது. அவுக பேசுறது தெரியும்ல."

கேபின் கதவைத் திறந்து காட்டினேன். சாக்பீஸ் எழுத்தை வாய்க்குள் படித்தாள். பிறகு தலையைத் தூக்கி, காம்பவுண்டுக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்தாள்.

"சோழகம்னா எங்கன?"

"தெக்க. அந்தா, கடல் பக்கம்."

"நீங்க தள்ளுனது?"

"கடல் பக்கம்தாம்மா. ரெண்டு தடவ தள்ளிட்டேன்."

"நேத்து எங்க வாசல்ல அவுக இதச் சொல்றப்ப வண்டி மூஞ்சி எங்கன பாத்து நின்னுச்சு?"

"ராமேஸ்வரத்தப் பாத்து."

"இப்ப?"

நான் திரும்பிப் பார்த்தேன். லாரியின் இரண்டு விளக்குகளும் ராமநாதபுரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"லாரி திரும்பிருச்சுண்ணே" என்றாள் செய்யதம்மா. "சோழகம் திரும்பாதுல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பம்ப் இருப்பது லாரியின் இடப்பக்கம். மூஞ்சி கிழக்கே ராமேஸ்வரத்தைப் பார்த்தபோது இடப்பக்கம் வடக்கே இருந்தது. தெற்கே தள்ளினால் பம்ப் என்ஜினை நோக்கிச் சாயும், எண்ணெய் முந்தி விழும். அதைத்தான் அவன் சொன்னான். இப்போது மூஞ்சி மேற்கே ராமநாதபுரத்தைப் பார்க்கிறது. இடப்பக்கம் தெற்கே. தெற்கே தள்ளினால் பம்ப் என்ஜினை விட்டு விலகும், எண்ணெய் இன்னும் பிந்தும். அவன் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல், நேர் தலைகீழாகச் செய்திருக்கிறேன். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு சொல் போதும். வேறு எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், சோழகமாவது கீழகமாவது என்று திருப்பிக் கேட்டிருப்பான்.

சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில், உருகுகிற ஐஸுக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். புகையாலும் இருக்கலாம்.

"சிரிச்சது போதும், எந்திரிங்க" என்றாள் அவள்தான்.

நட்டைத் தளர்த்தினேன். தப்பாகத் தள்ளிய இரண்டு மயிரிழையைத் திருப்பிக் கொண்டுவந்து, அதற்கு மேல் ஒரு மயிரிழை என்ஜின் பக்கமாகச் சாய்த்தேன். வளைந்த குழாய் வைத்துச் சொட்டு பார்க்க நேரம் இல்லை. கைக்குப் பட்டதுதான் கணக்கு. பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் உயிர் இருக்கும்.

"மேல ஏறி, சாவியத் திருப்பும்மா. நான் இங்கன பம்பப் பாக்கணும்."

அந்த லாரி அவர்கள் வீட்டு வாசலில் அத்தனை வருஷம் நின்றிருக்கிறது. ஓட்டுகிற பக்கத்தில் அவள் ஏறியதே இல்லை. செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். பிஸ்மி சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு சாவி.

ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவது சுற்று இழுத்துக்கொண்டே போய், முடிந்துவிட்டது என்று நான் நினைத்த இடத்தில், ஒரு சிலிண்டர் தும்மியது. இன்னொன்று. பிறகு ஆறும் சேர்ந்துகொண்டன. வெள்ளைப் புகை ஒரு பெரிய மூட்டையாகக் கிளம்பிப் போயிற்று, மெலிந்தது, இல்லாமல் போயிற்று. பம்பின் மேல் வைத்திருந்த என் உள்ளங்கையில் அந்த அதிர்வு ஏறி, தோள் வரைக்கும் வந்து, நெஞ்சுக்குள் எங்கேயோ உட்கார்ந்தது.

சேவியர் கேபினை அண்ணாந்து பார்த்தார். "ஏத்தா, நீயா ஓட்டிட்டுப் போகப் போற?"

"ஓட்டுனாலும் ஓட்டுவேன். வழிய விடச் சொல்லுங்க."

துறையில்

வாழ்க்கையில் எனக்கு நன்றி சொல்ல வேண்டிய இடங்கள் நிறைய. பெரும்பாலும் நான் அங்கிருந்து சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். அச்சகத்தில் எனக்குச் சோறு போட்டவர்கள், பரமக்குடியில் என் சட்டையைத் துவைத்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள், ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால் இங்கிருந்து நான் போகவில்லை. நெய்னா மூன்று தடவை விடுப்பில் வந்து திரும்பிவிட்டான். நான் நிற்கிறேன். என்னைப் போன்ற ஒருவனை நம்பி ஒரு குடும்பம் தன் வண்டியைக் கொடுத்தது. கொடுத்த மறுநாளே நான் அதைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் சாவியை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அன்றைக்கு மண்டபம் துறைக்கு அவளும் வண்டியிலேயே வந்தாள். ஈரச் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படகுக்காரர்கள் ஐஸை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் என்ஜினை அணைக்கவில்லை. அணைக்கத் தைரியம் இல்லை.

அவள் ஃபோன் அடித்தது. நெய்னா. அவள் எடுத்து, சாப்பிட்டீகளா, பாஸ்போர்ட் கையில இருக்கா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, உள்ள வந்துட்டேன். செக்கிங் எல்லாம் முடிஞ்சிருச்சு. ஐஸு?"

"எறங்கிக்கிட்டு இருக்கு தம்பி."

"பக்கத்துல ஓடுறது நம்ம வண்டியா?"

"ஆமா."

"ஃபோனப் பம்பு பக்கம் வைங்க."

வைத்தேன். ஐஸ் கட்டிகள் சறுக்குகிற சத்தம், மீனவர்களின் கூச்சல், அலை, அதற்கு நடுவே என்ஜின். எவ்வளவு நேரம் வைப்பது என்று தெரியவில்லை. எடுத்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ விமானத்தை அறிவித்துக்கொண்டிருந்தது. 

"தம்பி?"

"நேத்து வச்சதவிட ஒரு மயிரிழ முந்தி அடிக்குதே. பம்பத் தொட்டீகளா?"

செய்யதம்மாவைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"தொட்டோம்" என்றேன்.

"தொட்டோமா? யாரு?"

"நானும் செய்யதம்மாவும்."

 எப்போது தொட்டோம், ஏன் தொட்டோம், எவ்வளவு நேரம் வண்டி நின்றது, எதற்குத் தன்னிடம் சொல்லவில்லை என்று எல்லாக் கணக்கையும் அந்த ஒரு நொடிக்குள் அவன் போட்டு முடித்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று நான் பயந்தேன்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றான்.

போட்டேன். அவள் கிட்டே வந்து நின்றாள்.

"நல்லாருக்கு. அப்டியே விடுங்க" என்றான்.  "இனிமே எனக்கு ஃபோன் போடுறதுன்னா சும்மா பேசுறதுக்குப் போடுங்க, ரெண்டு பேரும். போயிட்டு வாரேன்."